மனைவியின் குரலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். கரண்ட் ஆபீசுக்கு ஒரு மனு எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. (அதிலும் ஏகப்பட்ட அடித்தல் திருத்தல்.) அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள்.

நைனார்பாளையத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். மனைவி அஞ்சலைக்கு வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. மாதம் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவாள். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும். அதனால் டவர் கிடைக்கும் வளைவு வரை நடந்துபோய், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். மில் இரைச்சலில் எனக்கு அது கேட்காது. தினமும் சாயங்காலம் வாசலில் நிற்கும் பழைய காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரில் கேட்பேன். டீசல் செலவில்லாத பயணம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கி, ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்தன. அஞ்சலை பேசினால் தகரக் கொட்டகை மேல் ஆடு ஓடுவதுபோல் இருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு இரண்டாயிரம் ரூபாயோடு கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

கடைக்காரர் பலகையில் நான்கு ஜோடி மாட்டிவைத்திருந்தார்.

"இன்னா பாட்டுண்ணா கேப்பீங்க? பேஸ் ஜாஸ்தி வேணுமா?"

"பேச்சு தெளிவா கேட்டா போதுங்க."

"பேச்சா? பட்டிமன்றமா?"

வெட்கத்தில் "ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப உங்க போன்லயே ஒண்ணு போடுங்க" என்று என் போனைக் கடை செட்டோடு இணைத்துவிட்டார். என் போனில் பட்டிமன்றம் ஏது? அஞ்சலை அனுப்பியதில் வம்பில்லாத ஒன்றாகப் பார்த்து அழுத்தினேன்.

"இன்னாங்க, மாத்திர போட்டீங்களா?"

கடையே நிமிர்ந்து பார்த்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் என்பது பதற்றத்தில் மறந்துபோனது.

"உங்க கொறட்ட சத்தம் இல்லாம தூக்கமே வரலங்க. கிரைண்டர ஓடவுட்டுக்கினு படுக்கலாமான்னு பாக்குறேன்."

நிறுத்தப்போனவன், பொத்தான் மாறிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். டிராக்டருக்கு ஸ்பீக்கர் வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல பட்டிமன்றம்ணா," என்றார் கடைக்காரர். "இருங்க, அண்ணி பேசுனதயே நாலுலயும் போட்டுப் பாத்துடலாம்."

போட்டார். என் குறட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும்.

"இதுல தங்கச்சி கோவமா பேசுது, அடுத்தத போடுப்பா," என்றார் டிராக்டர்காரர். அடுத்ததில், "சளி புடிச்சா மாதிரி இருக்குது" என்றார்.

நான்காவது, இருப்பதிலேயே விலை கம்மியான சின்ன ஜோடி. 'தூக்கமே வரலங்க' என்பதற்கு முன்னால் அவள் மெல்ல மூச்சு வாங்குவதுகூட அதில் கேட்டது. அத்தனை நாளும் நான் கேட்காத மூச்சு. டிராக்டர்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இதயே மாட்டிடுப்பா," என்று எனக்காக அவரே சொன்னார்.

அவர் என் மச்சானுக்குத் தெரிந்தவராம். (வேறென்ன வேண்டும்?) இன்றைக்கும் சொந்தக்காரர் விசேஷத்தில் நான் கொஞ்சம் கண்ணசந்தால், "பட்டிமன்றம் ஆரம்பிச்சிடுச்சு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். முதலில் சிரிப்பவள் அஞ்சலைதான்.

ஸ்பீக்கர் மாட்டிய மறுநாள் மலையில் பலத்த மழை. டவர் இல்லை; அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி மிளகாய் அரைக்கப் போனேன்.