போலந்து எஞ்சினுக்கு நாவூறு கழித்த கதை

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லும் ஆண்களில் இரண்டு வகை உண்டு. சொல்லிவிட்டு இரகசியமாகக் கற்றுக்கொள்பவர்கள் ஒரு வகை. சொல்லிவிட்டுச் சொந்தக்காரரை எல்லாம் பார்க்க வரச்சொல்பவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது. (முதல் வகையில் ஒருவரைக்கூடத் தான் இதுவரை கண்டதில்லை என்கிறாள் என் மனைவி சுகந்தி.)

சூரிச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓல்டன் என்ற ஊரில், ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பக்கத்துப் பூங்காவில் ஓய்வூதியக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டி ரயில் நடத்துகிறார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளும், பிள்ளைகளைச் சாட்டி அப்பாமாரும் ஏறிப் பூங்காவைச் சுற்றி வருவார்கள். அந்தச் சங்கத்துக்கு ஒரு பழைய டீசல் எஞ்சின் போலந்திலிருந்து வந்தது. அங்கே முதலில் சீனி ஆலைக்குக் கிழங்கு இழுத்து, பிறகு ஒரு சிறுவர் பூங்காவில் ஓடிய எஞ்சின். அதைத் தேடிப் பிடித்தவர் மாரெக். லாங்கன்தாலில் மெக்கானிக்காக இருக்கும் போலந்துக்காரர். இளவயதில் இதே எஞ்சினை ஓட்டியவராம்.

“புது ட்ரைவர்மார் தேவை” என்று சங்கம் அறிவித்ததும் நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஃபோர்க்லிஃப்டில் ஸ்டியரிங் உண்டு, இதில் அதுவும் இல்லை, பிறகென்ன பயம் என்பது என் கணக்கு. சனிக்கிழமைகளில் மாரெக் பிரேக்கைப் பற்றியும், எஞ்சினில் இருந்த மணல் பெட்டியைப் பற்றியும் விளக்கினார். நான் ஹோர்ன் அடித்துப் பழகினேன்.

பரீட்சை எஞ்சினின் அறிமுக விழா அன்றுதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, ரயில் மேடையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சங்கத் தலைவர் ஊர்ஸ் சான்றிதழும் தொப்பியும் தருவார். அந்தத் தொப்பியை நான் கனவிலேயே பலதடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்களோடு இருக்கும் மாமி, அதாவது சுகந்தியின் அம்மா, சொந்தக்காரருக்கெல்லாம் ஃபோன் போட்டார். “மருமகன் கோச்சி ஓட்டப்போறார்.” எந்த ரயில் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லுசேர்ணில் ஹோட்டல் சமையலறையில் இருக்கும் சித்தப்பா மட்டும், சூரிச்சுக்கு இனி ரிக்கற் எடுக்கத் தேவையில்லைத்தானே என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

விழா அன்று மாமி ஒரு பெரிய பையோடு வந்தார்.

“நாவூறு கழியாமல் புது வாகனத்தில கை வைக்கக்கூடாது.”

“மாமி, இது புதுசில்லை. என்னைவிட வயசு கூட.”

“எங்களுக்குப் புதுசுதானே?”

கண் படாமல் இருக்கச் செய்யும் எங்கள் வழக்கம் என்று ஊர்ஸுக்கு விளக்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம், கமராவோடு வந்துவிட்டார். எஞ்சினின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். கற்பூரம் காட்டி முடிந்ததும் மாமி பூசணிக்காயைத் தூக்கினார்.

“மாமி, நிலத்தில உடையுங்கோ!”

“கார் ஓடுறது ரோட்டில, ரோட்டில உடைக்கிறம். கோச்சி எதில ஓடுது?”

சரியான கேள்வி. மேடைக்கு முன்னால், தண்டவாளத்தின் மேலேயே உடைத்தார். கூட்டம் கைதட்டியது. மாரெக் அந்த நேரம் கடைசிப் பெட்டியைக் கொழுவும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது எதையும் காணவில்லை.

புறப்படும்போது சில்லுகள் நின்ற இடத்திலேயே கிறீச்சென்று சுற்றின. எஞ்சினுக்கு அவ்வளவு வேகம் என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். பெட்டிகள் எல்லாம் பூசணிக்காயை மேடை நீளத்துக்கு மெழுகிக்கொண்டு வந்தன.

சுற்று அருமையாகப் போனது. திரும்பி வரும் வழி மேடைவரைக்கும் இறக்கம். வெள்ளைக் கோடு தெரிந்ததும் பிரேக்கை இறுக்கினேன். சில்லு நின்றது. ரயில் நிற்கவில்லை.

வேகமாகப் போயிருந்தால்கூட மானம் மிஞ்சியிருக்கும். நடக்கிற வேகத்தில், சவர்க்காரம் வழுக்குகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. சுகந்தி பக்கத்தில் நடந்தபடியே கதைத்தாள்.

“கோட்டைத் தாண்டிட்டுதப்பா!”

“தெரியுது.”

“அப்ப நிப்பாட்டுங்கோவன்!”

“நிப்பாட்டித்தான் இருக்கிறன்!”

ஊர்ஸ் முன்னால் சிவப்புக் கொடியோடு பின்பக்கமாக நடந்தார். இரண்டாவது சுற்றும் இலவசம் என்று நினைத்துச் சித்தப்பா பெட்டியிலிருந்து கைகாட்டினார். மேடைக்கு அப்பால், தண்டவாளத்துக்குக் குறுக்கே, கேக் மேசை நின்றது. நாங்கள் புறப்பட்ட பிறகுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். நான் கோட்டில் நிற்பேன் என்று என்னில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஊர்ஸ் கொடியை எறிந்துவிட்டு ஒதுங்க, எஞ்சின் மெதுவாக மேசையை முட்டியது. சுகந்தி சுட்ட வடையும் ஊர்ஸின் மனைவி செய்த கிறீம் கேக்கும் சேர்ந்து எஞ்சினின் நெற்றியில், சந்தனத்துக்கு மேலே, வந்து அமர்ந்தன. அத்தோடு ரயில் நின்றது. என் கை மட்டும் ஹோர்னை விடவில்லை.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். கிடங்கில் ஒரு பெட்டிக்குள் புகுந்து என்னை நானே எங்காவது அனுப்பிவிடலாம் போல இருந்தது. ஹோர்ன் சத்தத்துக்கு மேலால் மாமியின் குரல் கேட்டது.

“பாத்தீங்களோ? நாவூறு கழிச்சபடியால ஒருத்தருக்கும் ஒரு கீறலும் இல்லை!”

ஊர்ஸ் குனிந்து சில்லைத் தடவி, விரலை மணந்து பார்த்து, பூசணிக்காயா என்று கேட்டார். மாரெக் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே குந்திவிட்டார். போலந்தில் கிழங்கு விழுந்து நசிந்தால் இதே வழுக்கல்தானாம். தானும் ஒருமுறை ஒரு ஸ்டேஷனையே தாண்டிப் போனவராம். பிரேக்கைத் தளர்த்தி, மணலைத் திறந்து, பிறகு மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெட்டி என்று எனக்கு மறுபடியும் சொன்னார்.

தொப்பி கிடைக்கவில்லை. ஆனால் சங்கத்துக்கு அந்த வழுக்கல் பிடித்துப்போய்விட்டது. ஈரத்திலும் இலையிலும் ரயில் சறுக்குவது வழக்கம்தானே, அதற்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது என்று ஊர்ஸ் முடிவெடுத்தார். இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் புது ட்ரைவர்மாருக்குப் பூசணிக்காய்ப் பரீட்சை. உடைப்பது மாமி. கற்பூரம் காட்டாமல் உடைக்க மாட்டார் என்பதால், ஓய்வுபெற்ற எஞ்சினியர்மாரும் தபால்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். நானும் விடாமல் முயன்றேன், வழுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒருமுறை மாரெக் பகிடிக்கு மாமியை எஞ்சினில் ஏற்றி இருத்தினார். பக்கத்தில் நின்று எத்தனை பேரின் வழுக்கலைப் பார்த்தவர்! சேலையைச் செருகிக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்தி, மணலைத் திறந்து, மெல்ல மெல்லப் பிடித்து, வெள்ளைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர்ஸ் தன் கையாலேயே தொப்பியை அவருக்குப் போட்டுவிட்டார்.

எங்கே கலியாண வீட்டுக்குப் போனாலும் உங்கட அவர் இப்பவும் கோச்சி ஓட்டுறாரோ என்று சுகந்தியிடம் யாராவது கேட்பார்கள். அவளும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவாள்:

“கோச்சி ஓட்டுறது அம்மா. இவர் பின்னால நிண்டு ரிக்கற் கிழிக்கிறார்.”