அபாயச் சங்கின் வீடு விற்பனைக்கு

வீடு பார்க்க மனைவியோடு வந்தவர் கூடத்தில் கால் வைத்ததுமே கேட்டுவிட்டார்.

"நேத்து டிவி விவாதத்துல பேசினது நீங்கதானே சார்?"

அபாயச் சங்கு அவசரமாக முகத்தை வேறு பக்கம் திருப்பினார். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். எந்தச் சேனலில் எதைப் பற்றி விவாதம் நடந்தாலும், "அழிவு வாசல்ல வந்து நிக்குது!" என்று மேசையைத் தட்டுவார். நேற்றுத் தட்டிய வேகத்தில், பத்தே வருஷத்தில் கடல் இந்தத் தெருவுக்கே வந்துவிடும் என்று சொல்லித் தொலைத்திருந்தார். அதே தெருவில் தன் வீட்டை விற்க வேண்டும் என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி முறைத்தாள். மகளுக்கு இது எட்டாம் மாதம். வீடு விற்றால்தான் மகள் இருக்கும் ஊருக்கே போய்க் குடியேற முடியும். பல மாதம் காத்திருந்து, இப்போதுதான் முதல்முறையாக ஒரு ஆள் வந்திருக்கிறார்.

"அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்."

"அப்போ கடல் வராதா?" வந்தவரின் முகம் சுருங்கியது.

நம்பவில்லை போலிருக்கிறது என்று அபாயச் சங்கு பதறினார். "வந்தாலும் நூறு வருஷம் ஆகும் சார்!"

"நூறா!" அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கைப்பையை மூடினார்.

விடுவாரா அபாயச் சங்கு? இருவரையும் மொட்டை மாடிக்கே இழுத்துப் போனார். "அதோ, நடுவுல குன்று தெரியுதா? அதைத் தாண்டி ஒரு சொட்டு வராது."

"குன்றை யாராவது வெட்டி எடுத்துட்டா?"

"வெட்ட விட்டுடுவோமா? நானே குறுக்க போய்ப் படுத்துடுவேன்!"

வந்தவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். காரியம் கெடுகிறதே என்று பின்னாலேயே ஓடி வந்த அபாயச் சங்கின் மனைவி கைகொடுத்தாள்.

"இவர் பேச்சை நம்பாதீங்க அண்ணா. இருபது வருஷமா உலகம் அழியப்போகுதுங்கறார். எங்க வீட்டுப் பால்கூட ஒரு நாள் திரிஞ்சதில்ல."

"ஒண்ணுகூடப் பலிச்சதில்லையா?"

"ஒண்ணுகூட இல்லைங்க!"

வந்தவர் மளமளவென்று படியிறங்கினார். தைரியம் சொன்னால் பயம் போகும் என்பார்கள். இங்கே ஆளே போகிறாரே! அபாயச் சங்கு ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், இன்னும் உங்களுக்கு என்னதான் பயம்?"

அதுவரை வாய் திறக்காத அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடலைப் பார்த்த வீடு வாங்க எங்களுக்கு ஏது சார் வசதி? கடலே இங்க வருதுன்னு நீங்க அடிச்சுச் சொன்னதை நம்பித்தானே ஓடி வந்தோம்!"