மேனேஜருக்கு நகம் வெட்டிய ஞாயிறு

புதுப் படுக்கை விரிப்பு கிழிந்திருந்தது. கால்மாட்டில் ஒரு சாண் நீளம். விரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"நகம்," என்றாள் மனைவி, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்து.

லிஃப்ட் ஆய்வாளர் அங்கேயே விசாரணையை முடித்துவிட்டார். அவர் உத்தியோகம் அப்படி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஐந்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்துவிடுவார். லிஃப்ட் ஓடுவது வேறு விஷயம்.

இங்கே காரணம் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பழுப்பு நிற நாய். பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை முறைத்துவிட்டு, வேளா வேளைக்குச் சாப்பிடுவதால் ஆய்வாளரே வைத்த பெயர்.

"அது கட்டில்ல ஏறாதுங்க."

"நாம தூங்கினதும் ஏறியிருக்கும்."

"ஏன், கட்டில்ல வேற யாருக்கும் நகமே இல்லையா?"

"உனக்கா? நீதான் வாராவாரம் வெட்டுறியே."

மனைவி அவர் காலைப் பார்த்தாள். அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், இரண்டு மாதமாக அவருக்கும் அவர் கால் விரல்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நடுவில் தொப்பை இருந்தது. "நான் வெட்டி விடுறேன், காலைக் காட்டுங்க" என்று அவள் நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். காலை நீட்டி மனைவி கையில் கொடுப்பதா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

குளியலறைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார். "நக விஷயமா ஒரு முடிவு எடுத்துட்டேன்!"

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "நகை விஷயமாவா?"

"நகம், நகம்! மேனேஜருக்கு நாளைக்கு நானே வெட்டப் போறேன். வீட்டிலேயே. முழுப் பாதுகாப்போட."

"ஓ," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹால் தயாரானது. தரையில் பாய். பாய் மேல் நகவெட்டி, அரம், ரத்தம் கசிந்தால் வைக்க ஒரு பொடி, பழைய துண்டு, ஒரு டப்பா நாய் பிஸ்கட். ஆய்வாளரும் தயாரானார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். நெற்றியில் டார்ச். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. கையில் முழங்கை வரைக்கும் தோல் உறை.

"நாய்கிட்ட போறீங்களா, லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறீங்களா?"

"உனக்குத் தெரியாது. நகத்துக்குள்ள ரத்தக்குழாய் ஓடுது. வெள்ளை நகம்னா வெளியே தெரியும். இதுக்குக் கறுப்பு நகம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சீவணும். நகமும் சதையுமா இருக்குன்னு சொல்றாங்களே, அதுல நகம் எங்க முடியுதுன்னு தெரியணும்."

"எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

"பின்னே?"

மேனேஜர் ஹாலுக்குள் வந்தார். பாதி வழியில் நின்றார். மஞ்சள் தலையும் ஒற்றை ஒளிக்கண்ணுமாகத் தன்னை நோக்கித் தவழ்ந்து வரும் பிராணியை ஒரு விநாடி பார்த்தார். அடுத்த விநாடி சோபாவுக்கு அடியில் இருந்தார்.

ஆய்வாளரும் சோபாவுக்கு அடியில் போனார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டது. மேனேஜர் அந்தப் பக்கமாக வெளியே வந்து உட்கார்ந்து, மாட்டிக்கொண்டவரைக் கவனித்தார். மனைவி சோபாவைத் தூக்கி அவரை மீட்டாள்.

இரண்டாவது முயற்சியில் துண்டைப் போட்டுச் சுற்றினார். சுற்றி முடித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது அவருடைய இடது கை. மூன்றாவதில் வால் கிடைத்தது. வாலில் நகம் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் நகத்தைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

நாலாவதில் மேனேஜர் ஊளையிட்டார். நகவெட்டி அப்போது ஆறடி தூரத்தில் இருந்தது.

எதிர்வீட்டு டெய்லரம்மா கதவைத் தட்டினாள். "என்னக்கா, யாரை அடிக்கிறாரு?"

"யாரையும் இல்ல. நகம் வெட்டுறாரு. உள்ள வந்து உட்காருங்க."

ஆய்வாளர் பாயில் சரிந்தார். மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுக்காரி முன்னால் தோற்பதா என்று மனசு அடித்துக்கொண்டது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. வாசல்வரை வந்து திரும்பி ஓடப் பார்ப்பவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதே அவள் வேலை.

"அது பயப்படுதுங்க. நகம் வெட்டினா வலிக்காதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? யாராவது வெட்டிக் காட்டணும்."

"யாருக்கு?"

"அது யாரை மதிக்குது இந்த வீட்டுல? உங்களைத்தானே?"

ஆய்வாளர் யோசித்தார். அதில் மறுக்க ஒன்றும் இல்லை. உள்ளே போய்த் தன் நகவெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். காலை நீட்டினார்.

மேனேஜர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

டக். பெருவிரல் நகம் பறந்துபோய் டெய்லரம்மா காலடியில் விழுந்தது. "யம்மா!" என்றாள் அவள்.

"சமத்து," என்று மனைவி ஒரு பிஸ்கட்டை ஆய்வாளர் வாயருகே நீட்டினாள்.

"இது நாய் பிஸ்கட்டு."

"வெட்டினா பிஸ்கட் கிடைக்கும்னு அதுக்குப் புரியணும்ல? சந்தோஷமா மெல்லுங்க. அது பார்க்குது."

மென்றார். நகத்துக்கு ஒரு பிஸ்கட். ஆறாவது பிஸ்கட்டுக்கு அவர் சொல்லாமலே வாயைத் திறந்தார். பத்து விரலும் முடிந்து, அரத்தால் ஓரம் தேய்த்து, மனைவி காலைக் கீழே வைத்தாள். உண்மையிலேயே சுகமாக இருந்தது.

"இப்ப தைரியம் வந்திருக்கும். மேனேஜரைப் பிடி, வெட்டிடலாம்."

"எதை?"

"நகத்தை!"

மனைவி மேனேஜரின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாள். மேனேஜர் ஆட்சேபிக்கவில்லை. எல்லா நகமும் அளவாகச் சீவி வழவழவென்று இருந்தது.

"இது எப்ப?"

"அது சாப்பிடுறப்ப, பேச்சுக் குடுத்துக்கிட்டே, தினம் மூணு நகம். செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிடுச்சு."

"அப்ப விரிப்பு?"

"விரிப்பு புதன்கிழமை விரிச்சது."

ஆய்வாளர் கிழமைகளை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஒரே காரணம்தான் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா காலைக் குடுத்திருப்பீங்களா?"

அவர் டப்பாவிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

டெய்லரம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, மேனேஜரை மரியாதையோடு பார்த்தாள்.

"அக்கா, இதை ஒரு அரை மணி நேரம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. எங்க வீட்டுக்காரருக்கு முடி வெட்டி மூணு மாசமாச்சு."