மச்சினனுக்கு மட்டும் ஆமை வேகம்

படுக்கையறை மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை இரும்புக்கடைக்குப் போடப்போவதில்லை, அதை வைத்தே வீட்டின் இணையத்தை ஆளப்போகிறோம் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு கட்டினார். அப்போது அவர் இடுப்பில் துண்டும் வாயில் பல் பிரஷும் இருந்தன. பெரிய முடிவுகள் அவருக்கு அந்தக் கோலத்தில்தான் வரும்.

மனைவியிடம் சொன்ன காரணம், வேகம் கூடும் என்பது. உண்மையான காரணம் மேல்மாடியில் குடியிருந்தது. அவளுடைய தம்பி. குடிவந்த அன்றே, "அக்கா வீட்டு நெட்டு இருக்கும்போது எனக்கு எதுக்குத் தனியா?" என்று பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மாடியேறியவன். அவன் மேலே ஒரு படத்தை இறக்க ஆரம்பித்தால் கீழே அத்தானின் கிரிக்கெட் நின்றுபோகும். பந்து வீசுபவர் தூக்கிய கையோடு சிலையாகிவிடுவார். திரையில் வட்டம் சுற்றும். அது சுற்றி முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் "அவுட்டு!" என்று கத்தித் தொலைப்பார்.

மச்சினனிடம் நேரே சொல்லலாம். சொன்னால் மனைவி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் அவர் சொல்லக்கூடாது. மிஷின் சொல்ல வேண்டும். மிஷினோடு யார் சண்டை போட முடியும்?

"இது இனிமே ரூட்டர்" என்றார், பெட்டியை வாஞ்சையோடு தட்டி. தூசி கிளம்பித் தும்மல் வந்தது.

"ரூட்டர்னா சுவத்துல தொங்குதே, சோப்பு டப்பா மாதிரி, அதுதானே?"

"அது இனிமே காத்துல பரப்புற வேலையை மட்டும் பாக்கும். மூளை இதுதான். வீட்டுக்கு வர்ற டேட்டா பாக்கெட் எல்லாம் இது வழியாத்தான் போகும்."

"உங்க பாக்கெட்லேர்ந்து எதுவும் போகாம இருந்தா சரி."

"ஃபயர்வால்கூட இருக்கு."

"பெட்ரூம்ல நெருப்பா?"

"ஐயோ, அது பாதுகாப்புச் சுவர்!"

"முதல்ல பாத்ரூம் சுவத்துல ஈரம் இறங்குது. அதைப் பாருங்க."

அவர் அதைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தார். உள்ளே பரம்பரையாக வாழ்ந்துவந்த கரப்பான்களை வெளியேற்றினார். நெட்டு ஒயர் சொருக ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. இன்னொன்று வேண்டுமென்று கார்டு வாங்கிப் பொருத்தினார். வெளியிலிருந்து நெட்டு வர ஒன்று, வீட்டுக்குள் போக ஒன்று. இலவசமாகக் கிடைத்த மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஏற்றினார். விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. நெட்டு மட்டும் வரவில்லை.

மனைவிக்கு வேலை நேரம் நெருங்கியது. வாஷிங் மிஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்வது அவள் வேலை. துணி துவைக்காமல் சூடாகும் மிஷின்களையும் அவற்றைவிடச் சூடான மனிதர்களையும் நாள் முழுக்க ஆற்றுப்படுத்துகிறவள். மேஜைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கணவரின் கால்களைப் பார்த்தாள். ஆபீஸ் குரலை எடுத்தாள்.

"வணக்கம் சார். உங்க சிரமத்துக்கு வருந்துறோம். மிஷின் ஆன்ல இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு."

"ஒயர் ரெண்டும் சரியான ஓட்டையிலதான் இருக்குங்களா சார்?"

"அதுகூடவா எனக்குத் தெரியாது?"

"ஒரு தடவை மாத்திப் போட்டுப் பாருங்களேன் சார்."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாற்றிப் போட்டார். நெட்டு வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார்.

"எங்களைத் தொடர்பு கொண்டதுக்கு நன்றி சார்."

அன்றைக்கே மச்சினனின் போனையும் லேப்டாப்பையும் பொறுக்கியெடுத்து ஆமை வேகத்தில் தள்ளினார். ஒரு போட்டோ திறப்பதற்குள் அதில் இருக்கிறவருக்கு நரை விழுந்துவிடும், அப்படி ஒரு வேகம். கீழே கிரிக்கெட் பறந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு முன்னால் இவர் "அவுட்டு!" என்று கத்தினார். அந்த ஒரு கத்தலுக்காகவே பிறவியெடுத்த மாதிரி இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. தலையணையும் சார்ஜருமாக மச்சினன்.

"அத்தான், மேல சிக்னலே எடுக்கல. இங்கயே உக்காந்துக்கறேன்."

அத்தான் உட்காரும் சோஃபாவில் கால் நீட்டிப் படுத்தான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் பல் பிரஷோடு வந்தான். மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை ஒடித்து, ஆட்டத்தை ஓரமாகப் பார்த்தார். மேல்மாடியில் இருந்தவரை அவன் நெட்டை மட்டும்தான் தின்றுகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க," என்றாள் மனைவி. "ஒரே நெட்டு. ஒரே சோஃபா. என் போன் பறக்குது, இவன் போன் நொண்டுது. ஏன்?"

"பழைய போனா இருக்கும்."

"போன மாசம்தான் வாங்கினேன், அத்தான்."

"அதான்! புதுசு இல்லையா? வீட்டுக்குப் பழகணும்."

மனைவி இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை அவள் காபியோடு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"தனி ஆளா எவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கீங்க! எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

கல்யாணமான நாளாக அவள் அவருடைய வேலை எதையும் காட்டச் சொன்னதில்லை. மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்து பனியன் இறுகியது. டாக்டர் சீட்டை உரக்கப் படித்தே பழகியவர், பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

"இங்க யாருக்கு எவ்வளவு வேகம்னு வைக்கலாம். இங்க நேரம் வைக்கலாம். இதைப் பாரு, இதுதான் உச்சம். நெட்டுக்குள்ள நுழையறவங்களுக்கு முதல்ல ஒரு பக்கம் வரும். நாம திறந்து விட்டாத்தான் உள்ள போக முடியும். ஏர்போர்ட்ல எல்லாம் வருமே, அதே மாதிரி."

"அந்தப் பக்கத்துல நாம என்ன வேணா எழுதலாமா?"

"என்ன வேணா!"

"ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் வர்ற மாதிரி வைக்கலாமா?"

"தாராளமா!"

"அட!" என்றாள்.

அந்த "அட" அன்று முழுவதும் கடையில் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. இருமல் மருந்து கேட்டவருக்குக்கூடச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மாலையில் இறுதி ஆட்டம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். சோஃபா காலியாக இருந்தது. தலையணை இல்லை, சார்ஜர் இல்லை, மச்சினன் இல்லை. ஆமை வேகம் தாங்காமல் ஓடிவிட்டான் என்று மகிழ்ந்து, கால் நீட்டி, டிவியைப் போட்டார். வட்டம் சுற்றியது. மேல்மாடியிலிருந்து அடிதடிப் படம் ஒன்று ஒரு நொடி நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டது.

பதறிப்போய் போனை எடுத்தார். பூப்போட்ட பார்டரோடு ஒரு பக்கம் வந்து நின்றது. "பாத்திரம் தேய்ச்சாச்சா?" என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று "ஆச்சு". இன்னொன்று "இதோ போறேன்".

கம்ப்யூட்டருக்கு ஓடினார். பாஸ்வேர்டை உரக்கச் சொல்லித் தட்டினார். தவறு என்றது. மெதுவாகச் சொல்லித் தட்டினார். அப்போதும் தவறு. போனுக்குத் தனியாகப் போட்டிருந்த நெட்டு இருந்தால் பிழைத்திருக்கலாம். வீடே நம் ராஜ்ஜியம், அது எதற்கு என்று அதைப் போன வாரம்தான் நிறுத்தியிருந்தார்.

எதிர்வீட்டில் "சிக்ஸர்!" என்று கத்தினார்கள்.

வேறு வழியில்லை. மிஷின்தானே, அதற்கு என்ன தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு "ஆச்சு" என்பதை அழுத்தினார். சமையலறையில் மனைவி லேப்டாப்பில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பக்கம் மாறியது.

"பொய். நான் தொட்டி பக்கத்துலதான் நிக்கிறேன்."