சித்தப்பாவுக்கு விழுந்த கைதட்டல்

கலைக்காக நான் பட்ட பாட்டுக்குக் கைதட்டல் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் எனக்கு விழவில்லை, என் சித்தப்பாவுக்கு விழுந்தது. அவர் அப்போது மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அறுபதுகளில் நடந்த கூத்து இது. மதராசில் ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தேன் (நான் விட்டேன் என்பது என் கட்சி, அவர்கள் விரட்டினார்கள் என்பது அம்மா கட்சி). கூடவே சேது என்று ஒருவனையும் கூட்டி வந்திருந்தேன். ராகம் என்பதே அடிமைத்தனம் என்று சொல்லி வயலினைத் தூக்கி எறிந்தவன் (விற்றுவிட்டான் என்று பிற்பாடு தெரிந்தது). அவனும் நானும் இன்னும் சில தாடிகளும் சேர்ந்து ஒரு ரகசியக் கலைக்குழு வைத்திருந்தோம். சபாக்காரர்கள் கண்ணில் படவே கூடாது என்று கட்டுப்பாடு. அவர்கள் எங்களைத் தேடவே இல்லை என்பது வேறு விஷயம். சத்தத்துக்கு அர்த்தம் கிடையாது, நிறத்துக்கும் அர்த்தம் கிடையாது என்பது எங்கள் கொள்கை.

முதலில் குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒத்திகை பார்த்தோம். சாரல் காலம். அருவி போட்ட போட்டில் நாங்கள் வாசித்தது எங்களுக்கே கேட்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு வாசலுக்கு மாற்றினோம். ரகசியக் குழு நடுத்தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அடுத்த தெருவில் இருந்த தம்பி, அதாவது என் சித்தப்பா, ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். தோப்பைப் பங்கு வைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "மூத்தவன் நானா போய்க் கூப்பிடணும்? அவனா வரட்டும்" என்பார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"ஏலே, அப்பா இப்படிக் கெடக்காவ. ஒன் கூத்த வேற எங்கனயாவது வச்சுக்கிடப் படாதா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் விடுட்டி. எனக்கும் பொழுது போவும்லா" என்றார் அப்பா.

சாரலுக்காக வாசலில் கீற்றுப் பந்தல் போட்டோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்தோம். நான் சாயம் வீசி ஓவியம் தீட்டுவதற்காகக் கோடி வேட்டி ஒன்றை விரித்துக் கட்டினோம். பார்க்க வந்த தாடிகள் பெஞ்சில் தலைகுனிந்து, பேசாமல் உட்கார வேண்டும் என்பது சேதுவின் உத்தரவு. (இத்தனையும் ஒரு வீட்டு வாசலில் சேர்ந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதராசில் படித்தவன் அல்லவா!) விளக்கு வைக்கிற நேரத்தில் நான் சேகண்டியைத் தட்டினேன். சேது சங்கை எடுத்து நீளமாக ஊதினான்.

எங்கள் தெருவில் இந்த இரண்டும் சேர்ந்து கேட்டால் சாவு என்று அர்த்தம். எதிர்வீட்டில் அடுப்பை அணைத்தார்கள். இரண்டு பேர் பாடைக்கு மூங்கில் பார்க்கப் புறப்பட்டே விட்டார்கள். தெருமுனையிலிருந்து சித்தப்பா ஓடி வந்தார். தோளில் துண்டுகூட இல்லை.

"அண்ணே! என்னய விட்டுட்டுப் போயிட்டியாண்ணே! எனக்கு என்னத்துக்குண்ணே அந்தத் தோப்பு? ஒரு எட்டு வந்து பாக்காத பாவியாயிட்டேனே!"

சேது சித்தப்பாவை முன்னேபின்னே பார்த்ததில்லை. அவனுக்குச் சொல்லாமல் நான் நிகழ்ச்சியில் சேர்த்த புதுமை என்று நினைத்துவிட்டான். "பிரமாதம்!" என்று எழுந்து கைதட்டினான். தாடிகள் எல்லாம் எழுந்து கைதட்டினார்கள்.

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது. "யாருலே அங்கன அழுதது? சின்னவனா?"

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, கைதட்டல் ஓயவில்லை, என் கையில் சேகண்டி.

"செத்தமாரி நாடகம் போட்டு என்னய வரவழைக்கியளோ? தெருவே பாத்துச் சிரிக்கும்படி பண்ணிட்டியளேலே! இனி இந்த வீட்டுல நெசமாவே சங்கு ஊதினாலும் வரமாட்டேன்."

வாசற்படி ஏறாமலேயே போய்விட்டார். செத்தது நானாகவே இருந்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

அப்பா திட்டவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு, "எனக்காவ அழுதாம்லா? நல்லாக் கேட்டுது" என்றார். கொஞ்சம் கழித்து, "உள்ள வரலியோ?" என்று கேட்டார்.

சாரல் முடியும் முன்னே அப்பா போய்விட்டார். முறைப்படி சங்கு ஊதினார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. "அந்தத் தாடிப் பயலுவ மறுபடியும் ஆரம்பிச்சிட்டானுவ" என்று எதிர்வீட்டில் பேசியது என் காதிலேயே விழுந்தது. வீடு வீடாகப் போனேன். "அப்பா போயிட்டாவ. நெசமாத்தான்." பெற்ற அப்பன் செத்ததற்கு ஊரெல்லாம் சத்தியம் செய்து கொடுத்த மகன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த தெருவில் கதவைத் திறந்த சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கூடவே வந்தார். உள்ளே வந்தவர் அழவில்லை. குனிந்து அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டுப் போயிருந்தது. திரும்பி என்னிடம், "கை தட்ட மாட்டியளே?" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது தவறிவிட்டார்கள் என்று சேதி வந்தால் முதல் கேள்வி, "நெசமாவா, கச்சேரியா?" என்பதுதான். இதைச் சொல்லி அதிகம் சிரித்தவர் சித்தப்பாதான். "நான் போனா சங்கே வேண்டாம்லே. நீயே வீடு வீடாப் போய்ச் சொல்லிரு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே" என்பார்.

அவர் போனபோது அப்படியே செய்தேன். எல்லா வீட்டிலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.