பொய் பிடிக்கும் மைக்

ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஒரு மைக் பொய்யைக் கண்டுபிடிக்கிறதாம்! நீதிமன்றம் முப்பது வருடம் இழுப்பதை, எலுமிச்சம்பழம் கட்டிய அந்த மைக் மூன்றே நொடியில் முடித்துவிடுகிறதாம். உண்மை பேசினால் சும்மா இருக்கும். பொய் பேசினால் 'கீ...' என்று அலறும். மைக்கின் சொந்தக்காரர் மெய்யானந்த சுவாமி. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பக்தியோடு உட்கார்ந்திருப்பவன் சீடன் ஷாம். இருவரையும் கடற்கரைக்கு அழைத்து வந்த புண்ணியவான் ஒன்றியச் செயலாளர் அய்யாக்குட்டி. வேம்பாரிலிருந்துகூட பஸ் ஏறி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது ஜனம்.

அந்த மைக்கிடம் மாட்டியவள் மீன் வியாபாரி பிளாரன்ஸ். கடல் ஏழு வீடுகளை விழுங்கிவிட்டது. அலையைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டுங்கள் என்று பெண்களைத் திரட்டிப் போராட்டப் பந்தல் போட்டவள். எட்டாம் நாள் செயலாளர் 'ஆதரவு' தர வந்தார், சுவாமியோடும் மைக்கோடும். பிளாரன்ஸ் அதிலேயே கேட்டாள்: "வளைவு கட்டியாச்சுன்னு செயலாளர் அண்ணாச்சி சொல்லுதாரு. எங்கன இருக்கு? ஒரு கல்லுகூட விழல!"

மைக் அலறியது. "பொய்க்காரி!" என்று கூட்டமும் அலறியது.

பந்தல் காலியானது. பக்கத்து வீட்டு கிளாடிஸும் பாயைச் சுருட்டினாள். கடல் கொண்டுபோன ஏழில் ஒன்று அவளுடைய வீடு!

"ஏளா, உன் வீடு போனது பொய்யா?" பிளாரன்ஸ் பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு போனது நெசந்தான்க்கா. ஆனா மைக்கு கத்திச்சுல்லா?"

அழுகையை விழுங்கிக்கொண்டு பிளாரன்ஸ் யோசித்தாள். சாமியாருக்குத் தெரியாத ஒன்று மைக்குக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை செயலாளரின் பொதுக்கூட்டம். பிளாரன்ஸ் மேடையேறினாள். "சாமி, என்னைய இன்னொரு தடவ சோதிங்க." மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து சுவாமி புன்னகையோடு தலையசைத்தார்.

அவள் மூடிய கையை நீட்டினாள். "இதுக்குள்ள ஒரு சிப்பி இருக்கு."

சுவாமி கையைப் பார்த்தார். ஷாம் சுவாமியைப் பார்த்தான். சுவாமி தாடியைத் தடவினார். கீ...!

"பொய்! பொய்!" என்றது கூட்டம். பிளாரன்ஸ் கையை விரித்தாள். சிப்பி.

திரும்பி நின்று மறுபடி கையை மூடினாள். "இப்பவும் இருக்கு." சுவாமி உஷாராகிவிட்டார்; தாடிப் பக்கமே கை போகவில்லை. மைக் கப்சிப். விரித்தாள். வெறுங்கை!

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு மேடைக்கு முன்னால் பாதிப்பேர்.

"உப்புக் காத்து... சக்தி குறையுது..." என்று சுவாமி இழுத்தார்.

"அன்னைக்குப் பந்தல்ல காத்து லீவுல போயிருந்துச்சா சாமி?"

அதற்குள் கிளாடிஸ் மேடையேறிவிட்டாள். "எந்திரில!" என்று ஷாமை நகர்த்தி, ஆம்ப்ளிஃபயரில் அவன் விரல் இருந்த திருகைத் தானே கூட்டினாள். யாரும் பேசாமலே மைக் அலறியது. குறைத்தாள். அடங்கியது. எல்லாரும் பார்க்க இன்னொரு முறை. செயலாளரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சுவாமி கூப்பிட்டும் அது நிற்கவில்லை.

"எம் வீடு போச்சு. வளைவு கட்டல," என்றாள் கிளாடிஸ், மைக்கைப் பிடித்து. "நாந்தான் மடச்சி, பாயச் சுருட்டுனேன்."

மறுநாள் பந்தல் நிரம்பியது. நான்காம் நாள் அதிகாரிகள் கடற்கரையை அளக்க வந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். முத்துமாரி என்பவள் குழந்தையோடும், சாமியார் மேடையில் விட்டு ஓடிய மைக்கோடும் பந்தலுக்கு வந்து பிளாரன்ஸின் காலைத் தொட்டாள். "யக்கா, மூணு வயசாச்சு, பேசமாட்டேங்கான். உங்க கையால இந்த மைக்க அவன் தொண்டையில ஒருக்கா வைங்க."

பிளாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போளா!"

சாமியார் ஓடிவிட்டார். ஆனால் நம் தலைக்குள் அவருக்குப் போட்ட நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அடுத்தவன் வந்து உட்காருவதற்குள், கொஞ்சம் அறிவை அதில் உட்காரவையுங்கள்!