எலும்பைக் கைவிட்ட இறைச்சி

"மச்சான், பல்லு ஆடுது," என்றான் அஸ்ஃபர், வாயிலிருந்து விலா எலும்பை வெளியே எடுத்தபடி.

ரிஸ்மி அந்த எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கெலிஓயாவில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்முற்றத்தில், பாதியாக வெட்டிய தகரப் பீப்பாய்க்குள் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருந்தது. மேலே கம்பிவலையில் கிடந்த மாட்டு விலாக்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. கடிக்கத்தான் முடியவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு மாமனார் முஹைதீன் வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு மகள் வீட்டில் முதல் விருந்து. கம்பளையில் பெரிய இறைச்சிக்கடை வைத்திருக்கும் மனிதர். இதுவரை மருமகனிடம் அவர் பேசியதெல்லாம் "ம்" என்ற ஒற்றை எழுத்துதான். இறைச்சிக்காரரை இறைச்சியால்தான் பேசவைக்க முடியும் என்று ரிஸ்மி முடிவுகட்டிவிட்டான்.

மனைவி ஜஹானாவை முதல் நாளே தாய்வீட்டுக்கு அனுப்பி, "என்ன சமைக்கிறன் என்டு கேக்கப்படாது. உம்மா வாப்பாவோட வந்து பாருங்க," என்று சொல்லியிருந்தான். மாமாவின் கடையில் வாங்கினால் குட்டு உடைந்துவிடும் என்று கண்டி மார்க்கட் வரை போய் விலா வாங்கிவந்தான். வீடியோவில் வந்த வெள்ளைக்காரன் எலும்பைப் பிடித்து லேசாக ஆட்டியதும் இறைச்சி தானாகக் கழன்று விழுந்தது. ரிஸ்மி ஆட்டியபோது கைதான் வலித்தது.

"பப்பாசிக்காய் தடவினா பஞ்சு மாதிரி வரும்," என்றான் பக்கத்து வீட்டு அஸ்ஃபர். "எங்கட உம்மா ஒரு கரண்டிதான் போடுவாங்க."

"இது மாட்டு விலா. ஒரு கரண்டி காணாது."

ரிஸ்மி முழுக் காயையும் துருவி அப்பினான். அப்படியும் நம்பிக்கை வராமல், எல்லாவற்றையும் பிரஷர் குக்கரில் அடைத்து அடுப்பில் ஏற்றினான்.

முதல் விசிலுக்கு முன்பே மழை வந்தது. கரி அணைந்துபோனால் கடைசியில் வாட்டி எடுக்க நெருப்பு இருக்காது. அஸ்ஃபர் குடை பிடிக்க, ரிஸ்மி ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பீப்பாயைப் பின் விறாந்தைக்குள் இழுத்தான். புகை அவனைத் தாண்டி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் கதிரை எது, அலுமாரி எது என்று தெரியவில்லை. இருவரும் ஜன்னல்களைத் திறந்து, பாயால் விசிறினார்கள்.

எதிர்வீட்டு ஜெயராணி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"தம்பி, வீடு எரியுதா?"

"இல்லக்கா, சமைக்கிறோம்!"

"பாத்தா அப்படித் தெரியலயே," என்ற ஜெயராணி, கொண்டுவந்த தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பீப்பாய்க்குள் ஊற்றிவிட்டுப் போனார்.

இத்தனை அமளியில் குக்கர் எத்தனை முறை கூவியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ரிஸ்மி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். எலும்புகள் கழுவித் துடைத்தாற்போல் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம் கிடந்தன. இறைச்சி நார்நாராகக் கரைந்து இன்னொரு பக்கம் கூழாகக் கிடந்தது.

"வெள்ளைக்காரன்ட விலாவ விட நல்லாக் கழண்டிரிக்கி," என்றான் அஸ்ஃபர்.

"வாய மூடு!"

"கோவிக்காத. நூலால கட்டிப் பாப்போமா?"

வேறு வழி தெரியாததால் ரிஸ்மி தையல் பெட்டியை எடுத்துவந்தான். அள்ளி அள்ளி எலும்பில் அப்பி, நூலைச் சுற்றினார்கள். முதல் விலா, கட்டுப்போட்ட விரல்போல் விறைப்பாக நின்றது. தூக்கியதும் எலும்பும் நூலும் மட்டும் கையோடு வந்தன.

ஃபோன் அடித்தது. ஜஹானா.

"வெலிகல்லயத் தாண்டிட்டோம். வாப்பா காலைல இரிந்து ஒண்டுமே சாப்பிடல்ல. மருமகன் வீட்டுல சாப்பிடணும் என்டு வயித்தக் காயப் போட்டு வாறார்."

அஸ்ஃபர் பின்மதிலேறிக் குதித்துத் தன் வீட்டுக்குள் மறைந்தான்.

ரிஸ்மி எலும்புகளைப் பையில் கட்டி ஒளித்தான். கூழைத் தாச்சியில் கொட்டி, கித்துள் மரத்து இனிப்புப் பாணி, மிளகாய்த்தூள், மிளகு, கறுவா என்று கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கிளறினான். பாணி கருகி, எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது. அதைக் கோப்பையில் வழித்து மேசையில் வைக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

முஹைதீன் கைகழுவி வந்து உட்கார்ந்தார். காலையிலேயே ஆக்கிவைத்த சோறு, பருப்பு, கத்தரிக்காய் வம்பட்டு மோஜு எல்லாவற்றையும் தாண்டி அவர் கண் கறுப்புக் கறியில் நின்றது.

"இது?"

விலா என்று சொல்ல ரிஸ்மிக்கு நா எழவில்லை. "சும்மா... ஒரு கறி மாமா."

முஹைதீன் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்து வாயில் வைத்தார். மெல்வது நின்றது. முகட்டைப் பார்த்தார். ரிஸ்மி மனதுக்குள் ஸலவாத்து ஓதினான்.

முஹைதீன் கோப்பையை முழுதாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மருமகன், ஏன் அங்க நிக்கிறீங்க? கிட்ட வந்து இரிங்க."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பல்லேகல மைதானத்தில் மழையில் நனைந்து மெட்ச் பார்த்த கதை, மாமியைப் பெண் பார்க்கப் போய்ப் படியில் வழுக்கி விழுந்த கதை எல்லாம் வந்தன. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. ஜஹானா மட்டும் அந்தக் கறியில் ஒரு வாய் வைத்தவள், கணவனைப் பார்த்து விழித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளா, இருமுகிறாளா என்று ரிஸ்மிக்கு விளங்கவில்லை.

"அடுத்த கிழமையும் வருவன்," என்றார் முஹைதீன், விரலை நக்கியபடி. "இதே கறிதான் வேணும்."

ரிஸ்மி காற்றில் மிதந்தபடி குசினிக்குள் போனான். பின்னாலேயே மாமி ஆஸியா உம்மா வெறும் கோப்பையோடு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஜஹானா சொல்லித்தானே செஞ்சீங்க மகன்? உங்கட மாமா கடை போட்ட நாள்ல இரிந்து இறைச்சிய வாயில வைக்க மாட்டார், அந்த வாடையே அவருக்கு ஆகாது. அது போகட்டும், இவ்வளவு ருசியான பலாப்பிஞ்ச எந்த மரத்துல புடுங்கினீங்க?"